முதல் சுற்று வெற்றிக்கு 25, கோப்பைக்கு 10: டைரக்டர்ஸ் கப் பட்டியலை நம்பலாமா?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் எந்தப் பல்கலைக்கழகம் எல்லா ஆட்டத்திலும் சேர்த்து முன்னால் நிற்கிறது என்ற கேள்விக்கு உருப்படியான பதில் தரும் பட்டியல் ஒன்றுதான் இருக்கிறது: லியர்ஃபீல்டு டைரக்டர்ஸ் கப். கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர்களின் சங்கமான நாக்டா இதை நடத்துகிறது. யுஎஸ்ஏ டுடே நாளிதழோடு சேர்ந்து 1993-94இல் தொடங்கினார்கள். முதலில் சியர்ஸ் கடைக்காரர்கள் பெயரில் இருந்தது, விளம்பரதாரர் மாற மாற முன்னொட்டும் மாறியது. பட்டியலைப் பார்க்கக் காசு இல்லை. நாக்டாவின் தளத்தில் பருவத்துக்குப் பருவம் பிடிஎஃப் போடுகிறார்கள். நம்மூர்ப் பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் புள்ளி கூட்டி ‘ஓவரால் சாம்பியன்’ அறிவிப்பார்களே, அதே சங்கதிதான். அளவும் பணமும்தான் வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு கல்லூரியின் விளையாட்டுத் துறை எவ்வளவு அகலமானது, எத்தனை அணிகளைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி இல்லை. யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள இது சுமாரான கருவி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் கணக்கு. பெரிய கல்லூரிகளின் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அதிகபட்சம் 19 விளையாட்டுகள்தான் கணக்கில் வரும். அதில் ஐந்து கட்டாயம்: பேஸ்பால், ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, பெண்கள் கால்பந்து, பெண்கள் வாலிபால். மீதி 14 இடங்களை ஆண், பெண் பேதமில்லாமல் அந்தக் கல்லூரிக்கு அதிகப் புள்ளி தந்த விளையாட்டுகள் நிரப்பும். முன்பு ஆண்கள் 10, பெண்கள் 10 என்று இருபது இருந்தது. கட்டாய ஐந்து வந்த பிறகுதான் பட்டியலுக்குக் கொஞ்சம் பல் முளைத்தது. காரணம் எளிது. இந்த ஐந்தில் ஒன்றில் அணி தேசியப் போட்டிக்கே தகுதி பெறாவிட்டால் அந்த இடத்தில் பூஜ்யம் உட்காரும். வேறு விளையாட்டைக் கொண்டுவந்து அதை மூடி மறைக்க முடியாது.

புள்ளிகள், கல்லூரி விளையாட்டை ஆளும் சங்கமான என்சிஏஏ நடத்தும் தேசியப் போட்டியில் அணி எங்கே முடிகிறது என்பதை மட்டும் வைத்து வருகின்றன (அமெரிக்கன் ஃபுட்பால் மட்டும் விதிவிலக்கு, அது பிறகு). பருவம் முழுக்க எத்தனை ஆட்டம் ஜெயித்தாலும், ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் தன் கல்லூரிக் குழுவின் கோப்பையைத் தூக்கினாலும் நேரடியாக ஒரு புள்ளியும் கிடையாது. 64 அணிகள் மோதும் நாக் அவுட் முறையில் சாம்பியனுக்கு 100, இறுதியில் தோற்றவருக்கு 90, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் தலா 83, காலிறுதியோடு போனால் 73, கடைசி 16இல் போனால் 64, கடைசி 32இல் போனால் 50, முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டினால் 25. நீச்சல், தடகளம், கோல்ஃப் போன்றவற்றில் அணி பிடித்த இடத்துக்கு ஏற்பப் படிப்படியாக இறங்கும். சமநிலை வந்தால் அந்த இடங்களின் புள்ளிகளைச் சேர்த்துப் பங்கு போடுவார்கள். பட்டியலில் 0.25, 0.5 என்று பின்னங்கள் எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

இந்த எண்களை மேலிருந்து படிக்காமல் கீழிருந்து படித்தால்தான் சூட்சுமம் புரியும். தகுதி பெற்றாலே 25. முதல் ஆட்டத்தை ஜெயித்தால் மேலும் 25. அடுத்த வெற்றிக்கு 14. அதற்கடுத்து 9, பிறகு 10, பிறகு 7. இறுதி ஆட்டத்தை ஜெயித்துக் கோப்பையையே தூக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 10. அதாவது முதல் சுற்றில் எட்டாம் நிலை அணி ஒன்பதாம் நிலை அணியைத் தோற்கடிக்கும், யாரும் பார்க்காத ஒரு மத்தியான ஆட்டம், தேசிய இறுதி ஆட்டத்தைப் போல இரண்டரை மடங்கு பெறும்!

ஒரு உதாரணம். 1994இல் ரிச்மண்டில் நடந்த பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். வட கரோலினா இரண்டு புள்ளி பின்னால். கடிகாரத்தில் மிச்சம் 0.7 வினாடி. எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்து உள்ளே வருகிறது, சார்லட் ஸ்மித் மூன்று புள்ளி வீச்சை எறிகிறார், மணி அடிக்கப் பந்து வளையத்துக்குள். லூசியானா டெக் 59, வட கரோலினா 60. கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றில் இன்றுவரை பேசப்படும் வீச்சு அது. அதே கல்வியாண்டில்தான் வட கரோலினா முதல் டைரக்டர்ஸ் கப்பையும் வென்றது. இன்றைய அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அந்த வீச்சின் விலை 10 புள்ளி. சார்லட் ஸ்மித் எறிந்தது வளையத்தில் பட்டுத் தெறித்திருந்தாலும் 90 கைக்கு வந்திருக்கும்.

இதைக் குறை என்றுதான் சொல்ல வேண்டுமா? கோப்பை வென்றவருக்கு அநியாயம் என்பது உண்மை. ஆனால் இந்தப் பட்டியல் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்காக இயக்குநர்கள் சங்கம் செய்தது, பெயரிலேயே இருக்கிறது. ஓர் இயக்குநரின் வேலை ஒரு நட்சத்திர அணியை வளர்ப்பது மட்டுமல்ல, இருபது பயிற்சியாளர்களையும் வேலை வாங்குவது. அந்த வேலையை அளக்க இந்த ஏணி சரியாகவே பொருந்துகிறது. ஒரு கல்லூரி ஒரு விளையாட்டில் சாம்பியன், இன்னொன்றில் தகுதி பெறவில்லை: 100. மற்றொரு கல்லூரி இரண்டிலும் கடைசி 16இல் தோற்றது: 128. இரண்டாவது கல்லூரியின் இயக்குநர் நல்ல நிர்வாகி என்று பட்டியல் சொல்கிறது. மறுப்பது கஷ்டம். பல இயக்குநர்களின் ஒப்பந்தத்தில் இந்தப் பட்டியலில் இத்தனையாவது இடத்துக்குள் வந்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று எழுதி வைத்திருப்பதும் இதனால்தான்.

முதலிடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். சமீப ஆண்டுகளில் வென்றவர்களின் மொத்தம் ஏறத்தாழ 1250க்கும் 1450க்கும் நடுவில் இருக்கிறது. 19ஆல் வகுத்தால் விளையாட்டுக்குச் சராசரியாக 66 முதல் 76. ஆக, ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் காலிறுதி வரையும் சிலவற்றில் அரையிறுதி வரையும் போனால் போதும், ஒரு கோப்பைகூட இல்லாமல் இந்தக் கோப்பையை வாங்கிவிடலாம். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. அவ்வளவு அகலமான துறையில் இரண்டு மூன்று சாம்பியன் பட்டம் தானாக விழுந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டு 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 முறை வென்றது இந்த அகலத்தால்தான். அங்கே 36 விளையாட்டுகள். 1976-77இலிருந்து ஒவ்வொரு கல்வியாண்டிலும் குறைந்தது ஒரு தேசிய அணிப் பட்டமாவது அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆனால் 36 என்ற எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. அமெரிக்கன் ஃபுட்பாலைத் தவிர, என்சிஏஏ சாம்பியன்ஷிப் நடத்தாத விளையாட்டு எதுவும் கணக்கில் சேராது. ஆண்கள் துடுப்புப் படகு, பாய்மரப் படகு, ஸ்குவாஷ், ஆர்ட்டிஸ்டிக் நீச்சல் எல்லாம் அந்த வகை. 2020 ஜூலையில் பணம் போதவில்லை என்று ஸ்டான்ஃபோர்டு 11 அணிகளை மூடப் போவதாக அறிவித்தபோது, அந்தப் பதினொன்றில் ஆறு இப்படிப் பட்டியலுக்கு வெளியே இருந்தவை. மல்யுத்தம் அப்படியல்ல, கணக்கில் வரும் விளையாட்டு. 2021 மார்ச்சில் ஷேன் கிரிஃபித் கல்லூரிப் பெயரோ சின்னமோ இல்லாத கறுப்பு உடுப்பில் மேடையேறி 165 பவுண்டு பிரிவில் தேசியப் பட்டம் வென்றார். தன்னை மூடப் போகும் துறைக்கு அவர் புள்ளி சேர்த்துக் கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை. அந்த மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டு 11 அணிகளும் பிழைத்தன.

டெக்சஸ் இதற்கு நேர் எதிர் வழி. அங்கே 21 விளையாட்டுகள்தான். மல்யுத்தம், வாள்வீச்சு, வாட்டர் போலோ, லக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் எதுவும் கிடையாது. 19 இடத்துக்கு 21 என்றால், சொதப்புவதற்கு இரண்டே இரண்டு வாய்ப்புதான். அதோடு 2020-21, 2021-22, 2023-24, 2024-25 என நான்கு முறை முதலிடம் பிடித்திருக்கிறார்கள். இடையில் 2022-23 மட்டும் ஸ்டான்ஃபோர்டுக்கு. கொரோனாவால் 2019-20க்குப் பட்டியலே இல்லை. 2024-25இல் டெக்சஸ் ஆண்கள் நீச்சலிலும் சாஃப்ட்பாலிலும் சாம்பியன். சாஃப்ட்பாலில் அது அவர்களுக்கு முதல் பட்டம். அப்படியும் இரண்டாம் இடத்தோடு இருந்த வித்தியாசம் ஐந்து புள்ளிக்கும் குறைவு. ஏதோ ஒரு விளையாட்டின் ஏதோ ஒரு முதல் சுற்று ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் கோப்பை கை மாறியிருக்கும். அமெரிக்காவின் மிகப் பணக்காரத் துறைகளில் ஒன்று அப்படி நூலிழையில் தப்பியது.

கையில் பிடிஎஃப் கிடைத்ததும் எதைப் பார்ப்பது? மொத்தத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் கட்டாய ஐந்து. அங்கே எத்தனை பூஜ்யம்? இரண்டு பூஜ்யம் இருந்தால் அந்தக் கல்லூரி முதல் ஐந்துக்குள் வருவது மிகக் கடினம். அடுத்து குறுக்கோட்டம் (கிராஸ் கன்ட்ரி), உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் ஆகிய மூன்றையும் பாருங்கள். ஆண், பெண் இரண்டும் சேர்த்தால் ஆறு இடம். நீண்ட தூரம் ஓடும் ஒரே கூட்டம் ஆகஸ்ட் முதல் ஜூன் வரை மூன்று பருவத்திலும் புள்ளி சேர்க்கும். தடகளத்தில் பலமான கல்லூரிக்கு இந்தப் பட்டியல் தாராளம் என்று சொல்வது இதனால்தான். இன்னொன்று, தேசியத் தடகளத்தில் ஒருவர் தன் பிரிவில் முதலாவதாக வந்தால் அணிக்கு 10 புள்ளி, வேறு யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அணி பெரும்பாலும் முதல் முப்பதை ஒட்டி வந்துவிடும். அந்த இடத்துக்கு டைரக்டர்ஸ் கப்பிலும் ஏதாவது விழும். ஒரு ஆள் ஓடிய ஓட்டத்தை ‘அணியின் சாதனை’ என்று நம்பி ஏமாறாதீர்கள்.

இப்போது நிஜமான ஓட்டைக்கு வருவோம். எல்லாச் சாம்பியனுக்கும் 100 என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆண்கள் கூடைப்பந்தில் டிவிஷன் ஒன்றில் மட்டும் 350க்கு மேல் அணிகள். ரைஃபிள் சுடுதலில் நாடு முழுக்கவே முப்பதை ஒட்டித்தான். ஆண்கள் வாட்டர் போலோவில் 1969இல் தேசியப் போட்டி தொடங்கியதிலிருந்து கலிஃபோர்னியா மாநிலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியும் பட்டம் வென்றதில்லை. மூன்றுக்கும் ஒரே 100. வாட்டர் போலோவும் ஆண்கள் வாலிபாலும் கடற்கரை வாலிபாலும் பலமாக இருக்கும் மேற்குக் கரைக் கல்லூரிகளுக்கு இது இயற்கையாகவே சாதகம். தென்கிழக்கில் அப்படிப்பட்ட சின்னக் குளங்கள் குறைவு. 2010-11இல் தொடங்கிய கேப்பிடல் ஒன் கப் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்து, பெரிய விளையாட்டுகளுக்கு எடை கூட்டி இந்தக் கோணலை நிமிர்த்தப் பார்த்தது. டைரக்டர்ஸ் கப் அந்தப் பக்கமே போகவில்லை. போகாதது தவறு என்றே தோன்றுகிறது. போட்டியிடும் அணிகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு சிறிய எடையாவது சேர்த்திருக்கலாம்.

அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகருக்கு இந்தப் பட்டியல் ஏமாற்றம்தான் தரும். அரங்கில் லட்சம் பேர் கூடுவதும், மற்ற இருபது அணிகளுக்கும் சோறு போடுவதும் அந்த ஆட்டம். ஆனால் அதன் உயர்மட்டப் பிரிவுக்கு என்சிஏஏ சாம்பியன்ஷிப் நடத்துவதில்லை. அதனால் இறுதித் தரவரிசையையும் பருவ முடிவில் அழைப்பின் பேரில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களையும் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். கட்டாய ஐந்திலும் அது இல்லை. ஃபுட்பாலில் படுதோல்வி அடைந்த கல்லூரி அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வேறு ஒன்றால் இடத்தை நிரப்பலாம். ஸ்டான்ஃபோர்டுக்குச் சமீப ஆண்டுகளில் இது நன்றாகவே கை கொடுத்திருக்கிறது. பேஸ்பாலுக்கு இல்லாத சலுகை ஃபுட்பாலுக்கு ஏன் என்று கேட்டால், மொத்தத்தில் பாதிக் கல்லூரிகளில்கூட அந்த உயர்மட்ட ஃபுட்பால் கிடையாது என்பதுதான் பதில். ஏற்கக்கூடிய பதில்தான்.

அதிகம் பேர் வழுக்கி விழுவது இடைக்காலப் பட்டியலில். இலையுதிர்காலப் பட்டியலில் குறுக்கோட்டம், கால்பந்து, வாலிபால், ஃபீல்டு ஹாக்கி, ஆண்கள் வாட்டர் போலோ, ஃபுட்பால் போன்ற சிலதான் இருக்கும். அதை வைத்து ‘நாட்டிலேயே மூன்றாம் இடம்’ என்று கல்லூரிகள் அறிக்கை விடும். அர்த்தமில்லாத எண் அது. நீச்சல், மல்யுத்தம், கூடைப்பந்து எல்லாம் குளிர்காலத்தில். டென்னிஸ், கோல்ஃப், பெண்கள் துடுப்புப் படகு, சாஃப்ட்பால், பேஸ்பால், வெளியரங்கத் தடகளம் எல்லாம் வசந்தத்தில். டெக்சஸ் மாதிரி வசந்தத்தில் கொட்டிக் குவிக்கும் கல்லூரி ஜனவரியில் பின்தங்கித் தெரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஓமஹாவில் கல்லூரி பேஸ்பால் உலகத் தொடர் முடியும் ஜூன் கடைசி வரை எதையும் முடிவு கட்டாதீர்கள். அதேபோல 2005இன் மொத்தத்தையும் 2025இன் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் வீண். இருபது பத்தொன்பதாகி, கட்டாயப் பட்டியலும் வந்துவிட்டது.

பட்டியல் சொல்லாமல் விடுவதும் நிறைய. பணம் எங்குமே இல்லை. பிரின்ஸ்டன் போன்ற, ஐவி லீக் என்ற பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகக் குழுவைச் சேர்ந்த கல்லூரி விளையாட்டு உதவித்தொகை ஒரு டாலர்கூடத் தராமல் பெரிய துறைகளோடு மல்லுக்கட்டுவது அந்த எண்ணில் தெரியாது. டாலருக்கு எத்தனை புள்ளி என்று ஒரு பத்தி சேர்த்தால் வரிசையே தலைகீழாகிவிடும். சின்னக் கல்லூரிகளுக்கு 1995-96 முதல் டிவிஷன் இரண்டு, மூன்று, என்ஏஐஏ (சின்னக் கல்லூரிகளின் தனிச் சங்கம்) என்று தனித்தனிக் கோப்பைகள் இருக்கின்றன. டிவிஷன் மூன்றில் வில்லியம்ஸ் கல்லூரி பெரும்பாலான ஆண்டுகளைச் சுருட்டிக்கொண்டது. அந்தப் பட்டியல்களில் போட்டியாளர்களின் வரவு செலவு கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், நேர்மையான ஒப்பீடு அங்கேதான் கிடைக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

அமெரிக்காவுக்குப் பிள்ளையை விளையாட்டு வழியாக அனுப்ப நினைக்கும் பெற்றோர் இந்தப் பட்டியலை எடுத்தால், மொத்தத்தை விட்டுவிட்டு அந்த ஒரு விளையாட்டின் பத்தியை மட்டும் ஐந்தாறு ஆண்டுகளுக்குப் படித்துப் பாருங்கள். 64, 50, 73, 64 என்று போனால் நிலையான பயிற்சி முறை இருக்கிறது. 0, 90, 0, 25 என்று போனால் ஒரே ஒரு நல்ல கூட்டம் வந்து போயிருக்கிறது. ஒட்டுமொத்தத்தில் பத்தாம் இடமா நாற்பதாம் இடமா என்பது ஒரு டென்னிஸ் ஆட்டக்காரருக்கு ஒன்றும் சொல்லாது. இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையைப் பின்தொடர்கிறவர்களுக்கும் இதே அறிவுரைதான் பொருந்தும்.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பட்டியலைக் கவனமாகப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற, வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தின்படி ஒரு கல்லூரி 2025-26இல் தன் வீரர்களுக்கு நேரடியாக 2.05 கோடி டாலர் வரை பங்கு தரலாம். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. அதாவது பட்டியலில் அதிகபட்சம் இரண்டே இடம் தரும் ஆட்டங்களுக்கு. கூடவே, சமரசத்தை ஏற்ற கல்லூரிகளுக்கு உதவித்தொகை வரம்பு போய் ஆள் எண்ணிக்கை வரம்பு வந்திருக்கிறது. பேஸ்பாலில் முன்பு 11.7 உதவித்தொகையை அணி முழுக்கப் பிய்த்துக் கொடுப்பார்கள். இப்போது 34 பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம், கையில் காசு இருந்தால். காசு இல்லாத துறை சின்ன விளையாட்டுகளில்தான் கை வைக்கும். உயர்மட்ட ஃபுட்பால் ஆடும் கல்லூரிக்கு என்சிஏஏ விதிப்படி 16 விளையாட்டு இருந்தால் போதும், பட்டியலின் 19 இடத்தில் மூன்று அப்போதே காலி. மறுபக்கம் 2026 முதல் பெண்கள் மல்யுத்தத்துக்கும் என்சிஏஏ தேசியப் போட்டி உண்டு. அணிகள் இன்னும் குறைவாக இருக்கும் புதுக் களம் அது. கணக்குத் தெரிந்த இயக்குநர் அங்கே இப்போதே ஒரு நல்ல பயிற்சியாளரைத் தேடத் தொடங்கியிருப்பார்.